சமூகம் சாப்பிடப் போயிருக்கிறார்

அந்த மருத்துவமனையில் உடம்பிலிருந்து எதை வேண்டுமானாலும் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். பித்தப்பை, டான்சில், கடைவாய்ப் பல், தப்பாக முளைத்த ஆறாவது விரல், எல்லாம் காலையில் உள்ளே போகும், சாயங்காலம் வாளியில் கிடக்கும். போன மாதம் உறுதிப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கே தன் தொப்பையின் மேல் வெறுப்பு வந்து, அதை உறிஞ்சி எடுக்கச் சொன்னார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள்.

ஸ்பேனர் கேட்டதும் பெரிய விஷயமில்லை. மார்பைத் தட்டையாக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த மருத்துவமனையின் லிஃப்டையும் அவர்தான் பார்த்துவந்தார். இடுப்பில் எப்போதும் ஸ்பேனர் தொங்கியதால் தொழிலில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட அது பொருத்தமாக இருந்ததால் அவரும் அதையே வைத்துக்கொண்டார். ஆணா என்று கேட்டால் இல்லை என்பார். பெண்ணா என்று கேட்டாலும் இல்லை என்பார். அப்புறம் என்னதான் என்று கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் என்பார்.

யோசிக்காமல் எடுத்த முடிவும் இல்லை. மார்பை இறுக்குச் சட்டையால் கட்டிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்குவது அவருக்கு வருடக்கணக்கான வழக்கம். ஒருநாள் குழியின் நடுவில் மூச்சு முட்டி, கண் இருட்டி, பாதுகாப்புப் பட்டையில் மயங்கித் தொங்கினார். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. மேலே காத்திருந்தவர்கள் லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை என்று திட்டிக்கொண்டே படியேறிப் போனார்கள். இனி இப்படி முடியாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்.

ஹார்மோன் ஊசி வேண்டாம் என்பதும் அவரே எடுத்த முடிவு. ஊசி போட்டால் குரல் மாறும். குழியின் அடியில் நின்று கத்தினால் மொட்டை மாடிவரை கேட்கும் அந்தக் குரலின் மேல் அவருக்கு உயிர். தழும்பு நிற்கும், தொடு உணர்ச்சி குறையலாம், கொஞ்ச காலம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று அறுவை டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். தழும்புக்குச் சரி என்றார். உணர்ச்சி விஷயத்தில் பல நாள் குழம்பி, அப்புறம் அதற்கும் சரி என்றார். அறுவை டாக்டரும் சரி என்றார். பாக்கி இருந்தது வாரியம் மட்டும்தான்.

உறுதிப்பாட்டு வாரியத்தின் வேலை, அடுத்தவர் உடம்பைப் பற்றித் தாங்கள் உறுதியாக இருக்கிறோமா என்று பார்ப்பது. நீளமான மேசை, நடுவில் தலைவர், வலது பக்கம் ஆண் பிரிவு டாக்டர், இடது பக்கம் பெண் பிரிவு டாக்டரம்மா. ஸ்பேனரைக் குட்டையான நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துணைக்கு வந்த அக்கா, மடியில் சாப்பாட்டுக் கேரியரை வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"நிச்சயமாத்தான் கேக்கறீங்களா?" என்றார் தலைவர்.

"நிச்சயமா."

"இவ்வளவு நிச்சயமா இருக்கறது எனக்குச் சந்தேகமா இருக்கே. எப்பலருந்து தோணுது?"

"ரொம்ப வருஷமா."

"ரொம்ப வருஷமா தாக்குப்பிடிச்சவங்க இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாமே? சரி, நாளைக்கு வருத்தப்பட்டா?"

"வருத்தப்பட்டா நான்தானே சார் வருத்தப்படப் போறேன்."

"எங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்கும்ல? நாங்களும் மனுஷங்கதானே. அப்பா அம்மா என்ன சொல்றாங்க?"

"ரெண்டு பேரும் இல்ல சார். அக்காதான்."

தலைவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அவள் தையற்கடை வைத்திருப்பவள். சபையில் பேசிப் பழக்கமில்லை.

"எனக்கு இதெல்லாம் முழுசா புரியலைங்க," என்றாள். "ஆனா அந்த இறுக்குச் சட்டைய நான்தான் தைக்கறேன். கழட்டினா தையல் வரி அப்படியே தோல்ல பதிஞ்சு கெடக்கும். புண்ணு மேல புண்ணு. குத்தறது நான் தச்சதுதாங்க."

"குடும்பத்துக்குப் புரியல," என்று தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். மேசையில் மூன்று பேர்தான், ஆனாலும் மைக் இல்லாமல் அவருக்குக் கருணை வராது.

"இங்க பாருங்க. நாங்க கத்தியத் தொட்டுட்டா நீங்க வெளிய போவீங்க. வெளிய சமூகம் இருக்கு. அது அடிக்கும். தாங்குவீங்களா மாட்டீங்களான்னு பாக்காம அனுப்பினா எங்க மனசாட்சி சும்மா விடுமா? அதனால முதல்ல நாங்களே அடிச்சுப் பாத்துடறோம். சுத்தமான எடம், அனுபவசாலியான ஆளு, பக்கத்துலயே முதலுதவி. வேற எந்த ஆஸ்பத்திரிலயும் இவ்வளவு அக்கறையா அடிக்க மாட்டாங்க."

ஸ்பேனர் வாயைத் திறந்து காட்டினார். மேல் வரிசையில் ஓர் இடம் காலி. "ஏற்கனவே வாங்கியாச்சு சார். பஸ் ஸ்டாப்புல."

தலைவர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது கண்டவன் அடிச்சது. செல்லாது. கீழ போங்க."

கீழே என்றால் பிணவறைக்கு எதிரே. அங்கே ஒரு பெரிய கூடத்துக்குள் பஸ் ஸ்டாப் கட்டியிருந்தார்கள். உண்மையான பெஞ்சு, உண்மையான கூரை, வராத பஸ்ஸின் எண் எழுதிய பலகை. பக்கத்தில் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு கழிவறைக் கதவுகள். பின்னால் கழிவறை கிடையாது. மூலையில் சோபா போட்டு உறவினர் வீட்டு வரவேற்பறை. தரை முழுக்கக் கழுவ வசதியாக வெள்ளை டைல்ஸ்.

"சமூகம் சாப்பிடப் போயிருக்காரு," என்றாள் வாசலில் இருந்த நர்ஸ். "உக்காருங்க, வந்துருவாரு."

வாயைத் துடைத்துக்கொண்டே சமூகம் வந்தார். பட்டையான தோள், இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சில் 'சமூகம்' என்று பெயர்ப்பட்டை. மாதச் சம்பளம், ஓய்வூதியம் உண்டு. எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஸ்பேனருக்கு முன்னால் வந்திருந்தவர் ஆணாக மாறப்போகிற ஒரு வாத்தியார். சமூகம் அவரை பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்காரவைத்து, கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக மேசைமேல் வைத்தார்.

"வலிச்சா சொல்லுங்க," என்றார் பரிவாக. "நிறுத்த மாட்டேன். ஆனா சொல்லுங்க."

பிறகு வாத்தியாரின் வயிற்றில் குத்தினார். வாத்தியார் மடங்கியதும் முகத்தில் முழங்காலால் ஒன்று கொடுத்தார். மூக்கு உடைந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கீழே விழுந்தவரை விலாவில் உதைத்து, காலரைப் பிடித்துத் தூக்கி, உறவினர் வீட்டு சோபாவரை இழுத்துப் போய் அங்கேயும் இரண்டு வைத்தார். எல்லாம் முடிந்ததும் கண்ணாடியை எடுத்து, ஒரு முறை ஊதித் துடைத்து, ரத்தம் வழிந்த மூக்கின் மேல் மாட்டிவிட்டார். "தேறிட்டீங்க சார், வாழ்த்துக்கள்," என்று கை குலுக்கினார். வாத்தியாரால் குலுக்க முடியவில்லை.

அக்கா கேரியரோடு எழுந்தாள். "என்னங்க இது? ஆஸ்பத்திரியா, கசாப்புக் கடையா?"

"கசாப்புக் கடைல கேக்காம வெட்டுவாங்கம்மா. இங்க கேட்டுட்டுத்தான்." சமூகம் டைல்ஸைக் கழுவச் சொல்லிவிட்டு ஸ்பேனரைப் பார்த்தார். "சொல்லுங்க. ஆம்பளை அடியா, பொம்பளை அடியா?"

"ரெண்டும் இல்ல."

சமூகத்தின் முகம் வாடியது. "அப்படிச் சொல்லக் கூடாதுங்க. ஆம்பளைன்னா மூடின கை. பொம்பளைன்னா தொறந்த கை, கூடவே முடியப் புடிச்சுச் சுத்தணும். உங்கள எப்படி அடிக்கறதுன்னு எனக்கு உத்தரவே இல்லையே."

"அப்ப விட்டுடுங்களேன்."

"அடிக்காம விட்டா அப்பறம் நான் என்ன சமூகம்?" என்று அவர் உண்மையாகவே வருந்தினார். பதினோரு வருடப் பணியில் இப்படி ஒரு சங்கடம் வந்ததில்லையாம். ஸ்பேனரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு வாரியத்துக்கே மேலே போனார்.

விஷயத்தைக் கேட்டதும் ஆண் பிரிவு டாக்டர் சூடாகிவிட்டார். "இவங்க முழுசா ஆம்பளையா ஆகறேன்னு சொல்லட்டும், நானே முன்ன நின்னு மனசாரக் குத்த ஏற்பாடு பண்றேன். மார்பு மட்டும் போதும், ஊசி வேணாம், கொரல் வேணும்னா? பாதி வழில எறங்கறதுக்கு இது என்ன டவுன் பஸ்ஸா?"

"எறங்க வேணாம்னுதானே நானும் சொல்றேன்," என்றாள் பெண் பிரிவு டாக்டரம்மா. "இவங்க இன்னும் எங்க பிரிவு. அறையறது எங்க உரிமை. எங்க ஆள நீங்க குத்தறதுக்கு நாங்க விட்டுக்கொடுக்க மாட்டோம். பெண்கள் நலத்துக்காகத்தான் இந்த நாற்காலில உக்காந்திருக்கேன்."

"அறையெல்லாம் ஒரு அடியா மேடம்?"

"அப்படியா?" என்று எழுந்து வந்து அவள் அவர் கன்னத்தில் விட்டாள். அவருடைய கண்ணாடி பறந்து தண்ணீர்க் குடுவைக்குள் விழுந்தது. "இது எங்க பிரிவு. எப்படி இருக்கு?"

ஆண் பிரிவு டாக்டர் ஒரு நிமிடம் கன்னத்தைத் தடவி யோசித்தார். படித்த மனிதர், ஆதாரத்தோடுதான் பேசுவார். மூடிய கையால் அவள் மூக்கில் ஒரு குத்து விட்டார். அவள் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தில் சுற்றி இழுத்தாள். அவர் முகம் நீலம் பாய்ந்ததும் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைத் தடவி எடுத்து அவள் மண்டையில் போட்டார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். நாற்காலிக் கால் ஒன்று முறிந்தது, பிறகு அந்தக் காலால் ஒரு மனிதக் கால் முறிந்தது. அவள் அவர் காதைக் கடித்தபோது அவர் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. காதின் ஒரு துண்டு ஸ்பேனரின் பூட்ஸ் அருகே வந்து விழுந்தது.

ஸ்பேனர் பாய்ந்து அவர்களைப் பிரிக்கப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே குரலில் "நீங்க நடுவுல வராதீங்க!" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். சமூகம் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "புடிங்களேன்யா!" என்று அக்கா கத்தினாள். "எனக்கு இதுல உத்தரவு இல்லம்மா," என்றார்.

தலைவர் மைக்கைக் கையில் எடுத்து எழுந்தார். "நம்ம முடிவு எப்பவும் ஏகமனதா இருக்கணும்! உணர்ச்சிவசப்படாம..." அதற்குமேல் முடியவில்லை. முறிந்த நாற்காலிக் கால் ஒரு பக்கமிருந்தும் தண்ணீர்க் குடுவை மறுபக்கமிருந்தும் ஒரே நேரத்தில் அவர் தாடையில் இறங்கின. தாடை ஒரு பக்கமாகத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், அவர் பல்லைத் துப்பிய சத்தம் மாடி முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது.

அறுவை டாக்டர் ஓடி வந்தார். தலைவரின் தாடையைத் தொட்டுப் பார்த்து, "உடனே சரி பண்ணணும். பண்ணட்டுமா சார்?" என்றார். தலைவர் தலையாட்டினார். முடிவெடுக்க ஆன நேரம் அவ்வளவுதான். பின்விளைவு பற்றிப் பேச்சில்லை, பெற்றோர் பற்றிப் பேச்சில்லை, தாடை இல்லாமல் கொஞ்ச காலம் இருந்து பாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. ஸ்ட்ரெச்சரில் போட்டு லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அறுவை டாக்டரும் கூட ஏறிக்கொண்டார்.

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. இதில் உள்ளர்த்தம் தேட வேண்டாம். பிரேக் தேய்ந்து பல மாதமாகிறது. மாற்றச் சொல்லி ஸ்பேனர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். மாற்றுவதா வேண்டாமா என்பதில் நிர்வாகம் இன்னும் உறுதிக்கு வரவில்லை.

ஸ்பேனர் மேல்மாடிக்கு ஏறிப் போய் வெளிக்கதவைச் சாவி போட்டுத் திறந்தார். இடுக்கு வழியாகக் கீழே தெரிந்தது: ஸ்ட்ரெச்சர், கோணிய தாடை, உருளும் இரண்டு கண்கள்.

"சீக்கிரம் எடுங்க," என்று அறுவை டாக்டர் கத்தினார். "ரத்தம் தொண்டைக்குள்ள எறங்குது."

ஸ்பேனர் இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவினார். உருவியவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, இடுக்கின் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடம் விழுங்கியதெல்லாம் அப்போதுதான் மேலே வந்தது.

"சார், நிச்சயமாத்தான் வெளிய வரணுமா?"

தலைவர் தலையாட்டினார்.

"ஆமாங்கறாரு," என்றார் அறுவை டாக்டர்.

"இவ்வளவு நிச்சயமா இருக்கறது எனக்குச் சந்தேகமா இருக்கு. எப்பலருந்து இந்த எண்ணம்?"

உள்ளேயிருந்து கொழகொழவென்று ஒரு சத்தம் வந்தது. "இப்பலருந்துதாங்கறாரு."

"இப்பத்தானா? இன்னும் கொஞ்சம் உள்ள இருந்து பழகிப் பாருங்களேன். வெளிய வந்துட்டு, அய்யோ உள்ளயே இருந்திருக்கலாமேன்னு தோணினா? எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல? நானும் மனுஷப் பொறவிதானே சார். உங்க அப்பா அம்மா என்ன சொல்றாங்க?"

தலைவர் ஸ்ட்ரெச்சரின் கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். அடி மெல்ல மெல்லத் தளர்ந்தது. பிறகு மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போக இடமில்லாமல் நெஞ்சில் முட்டி முட்டித் திரும்பும் மூச்சு. அந்தச் சத்தம் ஸ்பேனருக்கு நன்றாகத் தெரியும். குழிக்குள் தொங்கிய அன்றைக்குத் தன் காதில் கடைசியாக விழுந்தது அதுதான். கேட்க இன்னும் நிறைய கேள்விகள் இருந்தன. ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. கேட்டால் அவரும் வாரியமாகிவிடுவார்.

"வெளிய வரணும்னு சொல்லிட்டாரு. அது போதும்," என்று எழுந்து, மோட்டார் அறைக்கு ஓடிப் போய், பிரேக்கைத் தளர்த்திக் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மேலே கொண்டுவந்தார். விரிசல் விட்டுக் கூடிய விலா ஒவ்வொரு சுற்றுக்கும் குத்தியது. தலைவரை உருட்டிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் ஸ்பேனரை ஒரு பார்வை பார்த்தார். நன்றியாக இருக்கலாம், அல்லது தாடை கோணலாக இருந்ததால் அப்படித் தெரிந்திருக்கலாம்.

தாடை, மண்டை, கால், காது எல்லாவற்றையும் தைத்து முடித்துவிட்டு அறுவை டாக்டர் வெளியே வந்தபோது ஸ்பேனரும் அக்காவும் நடைபாதை பெஞ்சில் இருந்தார்கள்.

"வாரியம் கூட்டம் போட முடியாத நெலமைல இருந்தா நானே முடிவெடுக்கலாம்," என்றார் அவர். "அப்படி ஒரு விதி இருக்கு."

"எப்பலருந்து டாக்டர்?"

"எப்பவுமே. ஆனா அவங்க கூடாம இருந்ததே இல்லையே." கையுறையைக் கழற்றி வாளியில் போட்டார். "செவ்வாய்க்கெழம காலைல வெறும் வயித்தோட வாங்க. என்ன வேணும்னு இன்னொரு தடவை சொல்லிடுங்க. உங்க வாயால கேட்டுக்கறேன், அவ்வளவுதான்."

ஸ்பேனர் எழுந்து நின்றார். யாரும் இதை இப்படிக் கேட்டதில்லை. "மார்பு தட்டையா. வேற எதையும் தொட வேணாம். கொரல் அப்படியே இருக்கணும்," என்றார். அறுவை டாக்டர் சரி என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

வெளிவாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து ஓடி வரும் காலடி கேட்டது.

"நில்லுங்க, நில்லுங்க," என்றார் சமூகம், மூச்சிரைக்க. "வேலைய பாக்கி வெக்கறது எனக்குப் புடிக்காது. ரெண்டு பிரிவும் படுத்துட்டாங்க, இனிமே கேக்க ஆளில்ல. ஒரு கைய மூடிக்கறேன், ஒரு கையத் தொறந்துக்கறேன். நியாயமா இருக்கும்."

சொன்னபடியே செய்தார். மூடிய கை ஸ்பேனரின் வாயில் விழுந்தது, திறந்த கை காதோடு சேர்த்து அறைந்தது. ஸ்பேனர் சுவரில் மோதிச் சரிந்தார். ஏற்கனவே காலியாக இருந்த இடத்துக்குப் பக்கத்துப் பல் நாக்கின் மேல் வந்து கிடந்தது. சமூகம் குனிந்து முடியைப் பிடித்தார்.

அப்போது அக்கா சாப்பாட்டுக் கேரியரைச் சுழற்றி அவர் பின்மண்டையில் போட்டாள்.

எவர்சில்வர் கேரியர், மூன்று அடுக்கு, யாரும் சாப்பிடாததால் நிறைகனம். சமூகம் முட்டி போட்டு உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்த முகத்தில் இரண்டாவது அடி விழுந்தது. மூக்கு உடைந்தது, வாத்தியாருக்கு உடைந்த அதே சத்தத்தோடு. அவர் மல்லாந்து, பெயர்ப்பட்டை மேல் ரத்தம் வழிய, திகைப்போடு அவளைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் யாரும் அவரைத் திருப்பி அடித்ததில்லை.

"இது... இது எந்தப் பிரிவு அடிம்மா?"

"கூடப் பொறந்தவ அடி," என்றாள் அக்கா. தலைமுடி அவிழ்ந்து தொங்கியது. "வலிக்குதா?"

"வலிக்குது."

"சொல்லு. நிறுத்த மாட்டேன். ஆனா சொல்லு."

நிறுத்தவும் இல்லை. கேரியரின் மூன்று அடுக்கும் கழன்று மூலைக்கு ஒன்றாக உருண்ட பிறகுதான் ஸ்பேனர் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்.

தெருமுனையில் பஸ் ஸ்டாப் இருந்தது. நிஜமானது. பெஞ்சில் இருந்த இரண்டு பேர் ஸ்பேனரின் வாயையும், அக்காவின் கையில் நெளிந்து தொங்கிய கேரியர்க் கம்பியையும் பார்த்துவிட்டு எழுந்து இடம் விட்டார்கள். அக்கா முந்தானையால் ஸ்பேனரின் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

"வெறும் வயித்தோடன்னா தண்ணி கூடவா?" என்றாள் பிறகு.

"தண்ணி கூட."

அவள் தலையாட்டினாள். பஸ் வந்து நின்று, கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தச் சட்டையெல்லாம் எடுத்துக் குடு, பிரிச்சுடறேன்," என்றாள். "நல்ல துணி. தலகாணி உறைக்கு ஆகும்."